அப்பாவின் குரலுக்கு ஓர் ஆள்

மார்ச் 11, செவ்வாய்

இன்று ஒரு சிறிய தவறு செய்துவிட்டேன். மாலை நேர ஒளிப்பதிவு வகுப்புக்காக எடுத்த வீடியோவைக் கவனிக்காமல் அலுவலகத்தின் பொதுக் கோப்புறையில் போட்டுவிட்டேன். வீட்டில் நடக்கும் ஏதாவது ஒன்றை ஒரு நிமிடம் வெட்டாமல் எடுத்து வரும்படி வகுப்பில் சொல்லியிருந்தார்கள். நான் அப்பாவை எடுத்தேன்.

தொண்டை அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அப்பாவுக்குப் பேச்சு இல்லை. பஸ் கண்டக்டராக நின்று ‘உள்ள போங்க, உள்ள போங்க’ என்று ஆயுள் முழுக்கக் கத்தியவர். தட்டச்சு செய்ததைப் பேசிக் காட்டும் செயலி ஒன்றின் விளம்பர வேலை எங்கள் அலுவலகத்துக்கு வந்திருந்தது. ஒரு மாதம் இலவசம் என்றார்கள். அப்பாவின் போனில் ஏற்றிக் கொடுத்தேன். ஒற்றை விரலால் வெகுநேரம் தட்டினார். “டீல சக்கர இல்ல” என்றது போன். அடுப்பருகே நின்ற அம்மா திரும்பினாள். “வாய் வந்ததும் வராததுமா குறை சொல்ல ஆரம்பிச்சாச்சா?” என்று சிரித்தாள். பிறகு அடுப்பை அணைத்துவிட்டு, நைட்டியின் தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவ்வளவுதான் வீடியோ. என் கை ஆடியிருக்கிறது. ஜன்னல் வெளிச்சம் பின்னால் விழுந்து அம்மாவின் முகம் பாதி கறுத்திருக்கிறது. வகுப்பில் நிச்சயம் குறை சொல்வார்கள்.

மாலையில் எங்கள் விளம்பரப் பட டைரக்டர் கூப்பிட்டார். திட்டத்தான் போகிறார் என்று நினைத்தேன்.

“இவங்க யாரு?”

“எங்கப்பா, அம்மா சார். தெரியாம போட்டுட்டேன், எடுத்துடறேன்.”

“எடுக்கறதாவது! ஆப் கம்பெனிக்காரங்க பாத்தாச்சு. இந்த உண்மைதான் வேணுமாம்.”

அம்மா சம்மதிக்கவில்லை. “நைட்டியோட என்னை ஊருக்கே காட்டுவியாடி? நல்லதா ஒண்ணு உடுத்திக்கிட்டு வரேன், புதுசா எடுத்துக்கோ.” டைரக்டருக்கும் அதுதான் வேண்டியிருந்தது. படம் நன்றாக வந்தால் செயலியை அப்பாவுக்கு ஆயுளுக்கும் கொடுத்துவிடுவார்களாம். இலவசம் இந்த மாதக் கடைசியில் முடிகிறது. அதற்குமேல் சந்தா கட்ட எங்களால் முடியாது.

மார்ச் 19, புதன்

எங்கள் சமையலறைச் சுவரில் ஈரம் ஏறியிருப்பதால் படப்பிடிப்புக்கு வேறொரு சமையலறையை வாடகைக்குப் பிடித்தார்கள். டீத்தூள் எடுக்க அம்மா பழக்கத்தில் வலது பக்கம் கை நீட்டினாள். அங்கே வெறும் சுவர். அப்பா தட்டி முடிக்க நேரமாகிறது என்று உதவியாளர் அந்த வாக்கியத்தை முன்கூட்டியே தட்டி வைத்தார். அப்பா பொத்தானை அழுத்தினால் போதும். முதல் டேக்கில் அம்மா கேமராவைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். அடுத்ததில் வார்த்தை மறந்துபோனது. அதற்கப்புறம் பழகிவிட்டது. எந்த இடத்தில் கண் கலங்க வேண்டும் என்று அவளே கேட்டுக்கொண்டாள். “அம்மா பின்னிட்டாங்க!” என்றார் டைரக்டர். அம்மாவுக்குக் கூச்சமும் பெருமையும். எனக்கு ஏனோ பயமாக இருந்தது. காரணத்தை எழுதத் தெரியவில்லை.

பிறகு ஒரு டேக்கில், அழுத்த வேண்டிய நேரத்தில் அப்பா அழுத்தவில்லை. குனிந்து எதையோ தட்டிக்கொண்டிருந்தார். டைரக்டர் கேமராவை நிறுத்தச் சொன்னார். எல்லோரும் காத்திருந்தோம்.

“போதும். அவளுக்குக் கால் வலிக்குது” என்றது போன்.

“சார் டயலாக்க மாத்துறாரு!” என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பார்வை எதிலும் பதிவாகவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா சொன்னாள்: “இனிமே டீ போடறப்பல்லாம் அந்த ஷூட்டிங் லைட்டுதாண்டி ஞாபகம் வரும்போல.”

மார்ச் 27, வியாழன்

கம்பெனிக்காரர் இன்று படத்தைப் பார்த்தார். பளபளவென்று இருந்தது. அதுவே அவருக்குக் குறையாகிவிட்டது. “விளம்பரம் மாதிரி இருக்கே?” என்றார். நிஜமாகவும் இருக்க வேண்டும், பளிச்சென்றும் இருக்க வேண்டுமாம். கை நடுக்கம் சேர்க்கச் சொன்னார்கள். மென்பொருளில் அதற்கென்றே ஒரு வசதி இருக்கிறது. கூட்டக் கூட்டப் படம் ஆடும். என் பழைய வீடியோவைப் பக்கத்தில் ஓடவிட்டு, அன்று என் கை எவ்வளவு ஆடியதோ அவ்வளவு ஆட்டுவதற்குள் மதியமாகிவிட்டது.

அடுத்தது குரல். “இது மிஷின் மாதிரி கேக்குதே?”

“மிஷின்தான் சார்” என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். டைரக்டர் மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தார். டப்பிங் கலைஞரை வைத்துக்கொள்ளலாம் என்று முடிவானது.

கம்பெனிக்காரர் போனதும் டைரக்டரிடம் கேட்டேன். “அது செயலியோட குரல் இல்லையே சார்?”

“கீழ பொடி எழுத்துல போட்டுடலாம்மா. எவன் படிக்கப் போறான்?”

மறுத்திருக்கலாம். மாதம் முடிய இன்னும் சில நாட்கள்தான் என்று தோன்றியது. தலையாட்டினேன். இதை எழுதும்போதும் அது சரியா என்று தெரியவில்லை.

டப்பிங் கலைஞர் போனில் தன்மையாகப் பேசினார். “அப்பா முன்னாடி எப்படிப் பேசுவார்னு ஒரு சாம்பிள் ரெக்கார்டிங் இருந்தா அனுப்புங்க. கிட்டத்தட்ட அப்படியே கொண்டாந்துடறேன்.”

வீட்டுக்கு வந்து சொன்னேன். அப்பா நிதானமாகத் தட்டினார்.

“அப்ப நான் எதுக்கு” என்றது போன். அந்தக் குரலில் கேள்வி கேள்வியாக ஒலிப்பதில்லை. செய்தி வாசிப்பது போல் இருக்கும்.

அம்மாதான் தரையைப் பார்த்தபடி பேசினாள். “என் பழைய போன்ல இருக்குடி. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடி, வரும்போது பல்பு வாங்கிட்டு வான்னு பேசி அனுப்பினாரு. நான் அழிக்கல. திருப்பிக் கேக்கவும் இல்ல.” கொஞ்சம் தயங்கினாள். “அந்த ஆளு நல்லா பேசினா, அந்தக் குரலையே இவரு போன்ல வெச்சுக் குடுப்பாங்களா?”

அப்பா போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தார். அதன்பிறகு அதைத் தொடவில்லை. தண்ணீர் வேண்டும் என்பதைக்கூடக் கையால்தான் காட்டினார்.

நாளைக்கு: பழைய போனுக்குச் சார்ஜ் ஏற்ற வேண்டும். சார்ஜர் பீரோவின் அடித்தட்டில் இருக்கிறதாம். அப்பா குளிக்கப் போனதும் அந்தப் பல்புச் செய்தியை ஒருமுறை கேட்டு, குரல் தெளிவாக இருக்கிறதா என்று பார்த்து, பத்து மணிக்குள் டப்பிங் கலைஞருக்கு அனுப்ப வேண்டும்.