சிரிக்கும் புலி ஜெனரேட்டரும் எங்கள் வட்டத்தின் சட்டமும்

ஆர்வில் ஸ்டென்ருட்டை நாங்கள் கமாண்டர் என்று கூப்பிடுவோம். ராணுவத்தில் இருந்தவர் இல்லை. மினசோட்டாவில் தரைவிரிப்புக் கம்பெனியில் வேலை பார்த்தபோது ஒரு ராணுவக் குடியிருப்புக்கு மொத்தமாக விரிப்பு விற்றவர். அந்த விற்பனையை அவர் விவரிக்கும்போது கேட்டால், குண்டுமழைக்கு நடுவே தானே தவழ்ந்துபோய் விரித்துவிட்டு வந்தது போலிருக்கும்.

வடக்கே பனி விழத் தொடங்கியதும் நாங்கள் வண்டிவீடுகளைக் கிளப்பிக்கொண்டு குவார்ட்சைட் பாலைவனத்துக்கு வந்துவிடுவோம். மார்ச் வரை இங்கேதான். பத்துப் பதினோரு வண்டிகள் வட்டமாக நிற்கும், நடுவில் தீக்குழி. கரண்ட் கம்பமும் கிடையாது, தண்ணீர்க் குழாயும் கிடையாது. கூரையில் சோலார் தகடு, அடியில் பேட்டரி, பின்பக்கம் ஒரு ஜெனரேட்டர். இந்த ஜெனரேட்டரை வைத்துத்தான் வட்டத்தில் ஒருவருடைய குலம் கோத்திரம் எல்லாம் முடிவாகும்.

முதலில் கமாண்டர்தான் சிவப்பு நிற ஜப்பான் மிஷின் வாங்கினார். அடுத்த குளிர்காலத்தில் இன்னும் நாலு பேர். அதற்கடுத்த வருஷம் என்னிடமும் ஒன்று இருந்தது. விலை அப்படி, அதனால் யாருக்கும் அதை ஓட்ட மனசு வரவில்லை. சங்கிலி போட்டுப் பூட்டி, அளவெடுத்துத் தைத்த உறை மாட்டி வைத்திருந்தோம். லாரி ஓட்டி ஓய்வுபெற்ற டுவேன், கைப்பிடியில் கடைக்காரன் சுற்றிய பிளாஸ்டிக் தாளைக்கூட உரிக்கவில்லை. கமாண்டருடைய மிஷினில் அது ஓடிய நேரத்தைக் காட்டும் சின்ன மீட்டர் உண்டு. நாலு வருஷத்தில் பதினொரு மணி நேரம். புதிதாக யார் வந்தாலும் உறையைத் தூக்கி அதைக் காட்டுவார், பிள்ளையின் மார்க் ஷீட்டைக் காட்டுகிற தகப்பன் மாதிரி.

அமைதியான வட்டம் என்று எங்களுக்குச் சுற்றுவட்டாரத்தில் நல்ல பெயர். எதையும் ஓட்டாவிட்டால் சத்தம் எங்கிருந்து வரும்?

ஜனவரியில் கிளெண்டா பிக்கெட் வந்தாள். ஓக்லஹோமா நம்பர் போட்ட பழைய வண்டி. கணவர் போன வசந்தத்தில் இறந்துபோனார். தனியாக வருகிற முதல் குளிர்காலம். எங்களிடம் வருவதற்குமுன் பாலைவனத்தின் மறுகோடியில் ஒரு வாரம் ஒற்றையாக இருந்திருக்கிறாள். அதைப் பற்றித் தீக்குழிப் பக்கம் உட்கார்ந்து சொன்னாள்.

"ராத்திரி யாரோ கதவைத் தட்டினாங்க. நரிதான்னு நெனச்சிட்டுப் போர்வையை இழுத்துப் போத்திக்கிட்டேன். நரி தட்டாதுன்னு விடிஞ்சப்புறம்தான் தோணுச்சு."

எல்லோரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள். ஆனால் அந்த வாரம் முழுக்க அவள் உட்கார்ந்தபடியேதான் தூங்கியிருக்கிறாள் என்று கமாண்டரின் மனைவி மேவிஸ் பிறகு என்னிடம் சொன்னாள். ஜன்னலைத் திறந்தால் இன்னொரு வண்டியின் வெளிச்சம் கண்ணில் பட வேண்டும், அவ்வளவுதான் கிளெண்டா கேட்டது. மார்ச் வரை எங்களோடு இருந்துகொள் என்று மேவிஸ் சொல்லிவிட்டாள்.

மறுநாள் காலை கிளெண்டா தன் ஜெனரேட்டரைக் கீழே இறக்கினாள். மஞ்சள் நிறம். பக்கவாட்டில் ஒரு புலி பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தது. வட்டத்தில் காபிக் கோப்பைகள் பாதி வழியில் நின்றன. கழுகும் கொடியும் அச்சடித்த சட்டையோடு கமாண்டர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கிட்டே போனார்.

"இது எங்க செஞ்சது?"

"சீனாவுல."

"நாங்க இங்க அந்த மாதிரி சாமான் வெச்சுக்கிறதில்ல."

"உங்க சட்டைக் காலர் மடிஞ்சிருக்கு, மிஸ்டர் ஸ்டென்ருட். லேபிள் தெரியுது. ரெண்டும் ஒரே ஊர்தான்."

கமாண்டர் காலரைச் சரிசெய்துகொண்டு திரும்பி வந்தார். அப்போதே எனக்குத் தெரியும், இதற்கு ஒரு சட்டம் வரப்போகிறது என்று.

கிளெண்டா அந்த மிஷினைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை. வண்டிக்குள் எதெதற்கு எவ்வளவு கரண்ட் வேண்டும் என்று முதலில் கூட்டிப் பார்த்திருக்கிறாள். பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் நாலாயிரம் வாட் என்று போட்டிருந்ததாம். அது மூச்சுப் பிடித்து ஒரு நொடி தூக்குகிற எடை, நாள் முழுக்கச் சுமக்கிறது கீழே பொடி எழுத்தில் இருக்கும் என்று அந்தப் பொடி எழுத்தைப் பார்த்து வாங்கினாள். டிவியும் போனும் கெட்டுப்போகாமலிருக்க இன்வெர்ட்டர் வகையாகப் பார்த்தாள். ஆயில் ஊற்றாமல்தான் பெட்டியில் வரும் என்பதால் கிளப்பும் கயிற்றைத் தொடும்முன் ஆயிலை ஊற்றினாள். கூட வந்த புத்தகத்தில் 'கயிற்றை மகிழ்ச்சியுடன் இழுக்கவும்' என்று இருந்ததாம். அப்படியே இழுத்தேன், இரண்டாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது என்றாள். வண்டியிலிருந்து தள்ளி, புகை யாருடைய ஜன்னல் பக்கமும் போகாதபடி காற்றைப் பார்த்துத் திருப்பி வைத்தாள். காலையில் ஒரு மணி, சாயங்காலம் ஒரு மணி ஓட்டுவாள்.

எதிர்பார்த்தபடியே அன்று மாலை தீக்குழிப் பக்கம் கமாண்டர் எழுந்து நின்றார்.

"இந்த வட்டத்துக்குள்ள அறுபது டெசிபலுக்கு மேல சத்தம் போடறது எதுவானாலும் சரி, யாரோடதானாலும் சரி, ஓடைக்கு அந்தப் பக்கம் போயிடணும்."

'எதுவானாலும் சரி, யாரோடதானாலும் சரி' என்பதை இரண்டு தடவை சொன்னார். அவருக்கே அது பிடித்துப்போயிருந்தது. வறண்ட ஓடையைத் தாண்டினால் வெறும் புதர்க்காடு. அங்கிருந்து பார்த்தால் எங்கள் விளக்கு ஒன்றுகூடத் தெரியாது. கிளெண்டா நெருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை இதற்கு ஓட்டெடுப்பு என்று முடிவாயிற்று.

வியாழக்கிழமை சோதனை. கமாண்டர் மஞ்சள் மிஷினிலிருந்து ஏழு மீட்டர் நாடா பிடித்து அளந்து கோடு கிழித்தார். சத்தம் அளக்கும் செயலியைப் போனில் திறந்து, தெர்மாமீட்டரைப் பார்க்கும் டாக்டரின் முகத்தோடு நின்றார். கிளெண்டாவின் வண்டிக்குள் இருக்கிற எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போடச் சொன்னார். மைக்ரோவேவ், ஹீட்டர், முடி உலர்த்தும் மிஷின், எல்லாம். புலி கர்ஜித்தது. அறுபத்தாறு.

"நான் ஒருநாளும் இத்தனையும் சேத்துப் போடமாட்டேன்" என்றாள் கிளெண்டா. "தினம் ஓடறது கால் பங்கு சுமைதான். அதுல அம்பத்தெட்டுக்கு மேல போகாது. கம்பெனிக்காரங்க கால் பங்குலதான் அளந்து போடறாங்க. உங்க சிவப்பு டப்பாவுல எழுதியிருக்கிற நம்பரும் அப்படி அளந்ததுதான்."

"சட்டத்துக்குக் கால் பங்கு முக்கால் பங்கு கிடையாதும்மா."

அன்று சாயங்காலம் கிளெண்டா வாசலில் விரித்திருந்த பாயை உதறிச் சுருட்டி வைத்தாள். மேவிஸ் போய் அதைத் திரும்ப விரித்துவிட்டு வந்தாள்.

அன்றைக்கே மேகம் கவிந்தது. இந்தப் பாலைவனத்தில் மேகம் வந்தால் விருந்தாளி மாதிரி ஒரு வேளை இருந்துவிட்டுப் போய்விடும். இந்த முறை படுக்கை போட்டுவிட்டது. வெள்ளி மத்தியானத்துக்குள் எங்கள் சோலார் தகடுகள் எல்லாம் வெறும் கண்ணாடியாகிவிட்டன, பேட்டரிகள் கண்ணைச் செருகின. ஒவ்வொருவர் வண்டிக்குப் பின்னாலும் உறைக்குள் ஒரு சிவப்பு மிஷின் ஜம்மென்று இருந்தது. யார் முதலில் பூட்டைத் திறப்பது? மீட்டர் ஏறிவிடுமே.

டுவேன்தான் ஆரம்பித்தான். சீனா கரண்ட் சுத்தமாக இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும், வட்டத்தின் பாதுகாப்புக்காக என்று சொல்லி, தன் போனைக் கிளெண்டாவின் மிஷினில் சொருகி மூன்று மணி நேரம் சோதித்தான். நான் காபி போடும் பாத்திரத்தோடு போனேன். அது சூடாகிறதா என்று பார்க்கத்தான். ஒரு தம்பதி டிவியையே தூக்கிக்கொண்டு வந்தார்கள். மேவிஸ் முடி உலர்த்த வந்து, அப்படியே பாப்கார்ன் பொரித்துக்கொண்டு, அப்படியே சீட்டாட உட்கார்ந்துவிட்டாள். கிளெண்டா ஒவ்வொன்றாக முறை போட்டுக் கொடுத்தாள். இரண்டு பெரிய சாமானைச் சேர்த்துப் போட விடவில்லை. புலி கால் பங்குச் சுமையில் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. நாங்கள் எல்லோரும் அதைச் சுற்றி உட்கார்ந்து, ஞாயிற்றுக்கிழமை ஓட்டெடுப்பைப் பற்றி ஒருவரும் வாய் திறக்காமல் பாப்கார்ன் தின்றோம்.

கமாண்டர் மட்டும் வரவில்லை. வரக்கூடிய ஆளா?

ஆனால் அவருக்கு எங்கள் எல்லோரையும்விடக் கரண்ட் தேவை. தூக்கத்தில் மூச்சு அடைக்காமலிருக்க மூக்கில் மாட்டிக்கொள்ளும் மிஷின் ஒன்று அவருக்கு உண்டு. வெள்ளி சாயங்காலம் அவர் தன் சிவப்பு மிஷினின் உறையை மடித்து வைத்து, சங்கிலியை அவிழ்த்து, கயிற்றை இழுப்பதை என் ஜன்னலிலிருந்து பார்த்தேன். இழுத்தார். தொப்பியைக் கழற்றிவிட்டு இழுத்தார். கழுகுச் சட்டையைக் கழற்றிவிட்டு இழுத்தார். போன மார்ச்சில் ஊற்றிய பெட்ரோல் ஓடாமல் கொள்ளாமல் உள்ளேயே கிடந்து, கார்புரேட்டரில் பிசினாக இறுகிப்போயிருந்தது. பதினொரு மணி நேர மீட்டர் அந்தப் பதினொன்றிலேயே நின்றது. உறையைத் திரும்ப மாட்டி, சுருக்கம் இல்லாமல் நீவிவிட்டு உள்ளே போனார்.

அன்று ராத்திரி மேவிஸ் தூங்கவில்லை. சனிக்கிழமை மத்தியானம் கமாண்டர் சாப்பிட்டுவிட்டுப் படுத்தார். மேவிஸ் அவருடைய போனை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். நாடாவைப் பிடித்து ஏழு மீட்டர் அளந்தாள். மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். என்ன செய்கிறாய் என்று நான் கேட்டதற்கு உதட்டில் விரலை வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வட்டம் கூடியது. கமாண்டர் சிவந்த கண்களோடு எழுந்து நின்று, அறுபது என்கிற எண்ணின் புனிதத்தைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசினார். கிளெண்டா கையை மடியில் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் வண்டியின் சாவி ஏற்கெனவே கழுத்துக் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. கை தூக்கலாம் என்று அவர் சொல்லப்போகும்போது மேவிஸ் எழுந்தாள்.

"இன்னொரு நம்பரும் இருக்கு, ஆர்வில். எழுபத்தொண்ணு."

"எங்க எடுத்தது?"

"நம்ம வண்டியில இருந்துதான். நேத்து மத்தியானம். கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்துச்சு."

கொஞ்ச நேரம் யாருக்கும் புரியவில்லை. பிறகு டுவேன் மிக மரியாதையாகக் கேட்டான்.

"அது முழுச் சுமையா மேவிஸ், இல்ல கால் பங்கா?"

"கால் பங்குதான். இன்னும் மல்லாந்து படுக்கல."

வட்டமே வெடித்துச் சிரித்தது. என் காபி மூக்கு வழியாக வந்தது. கமாண்டர் போனை வாங்கிப் பார்த்தார். அவருடைய போன், அவருடைய செயலி, அவர் வகுத்த தூரம். மேவிஸ் சிரிக்கவில்லை.

"எதுவானாலும் சரி, யாரோடதானாலும் சரின்னு சொன்னது நீதான். அதனால நீயும் கிளெண்டாவும் ஓடைக்கு அந்தப் பக்கம் போங்க. அவளுக்கும் துணையாச்சு. யாராவது வந்து கதவைத் தட்டினாலும் உன் குறட்டைச் சத்தத்தைக் கேட்டா ஓடிப்போயிடுவான். நான் இங்கயே இருந்து தூங்கறேன்."

அடுத்துப் பேசியது கிளெண்டா. கேலியே இல்லாமல் பேசினாள்.

"அவரு போட்டுக்கிற மிஷினுக்கு ரொம்பக் கொஞ்சம் கரண்ட் போதும். பகல்ல நான் ஓட்டறப்ப ஒரு ஒயர் இழுத்து உங்க பேட்டரிய ஏத்திக்கலாம். ராத்திரி எதையும் ஓட்ட வேண்டாம், எந்தச் சத்தமும் இருக்காது." கொஞ்சம் நிறுத்தி, "நான் ஓடைக்கு அந்தப் பக்கம் போயிட்டா ஒயர் அவ்வளவு தூரம் வராது" என்றாள்.

கமாண்டர் வானத்தைப் பார்த்தார். மேகம் அப்படியே இருந்தது. தன் சிவப்பு மிஷினின் உறையைப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, சட்டத்தில் தொழில்நுட்ப ரீதியாக ஒரு சிறு திருத்தம் தேவைப்படுவதாகத் தான் முதலிலிருந்தே கருதிவந்ததாகவும், உலகம் முழுவதும் கால் பங்குச் சுமையில்தான் அளக்கிறார்கள் என்பதை வட்டம் கவனத்தில் கொள்ள வேண்டும் என்றும் ஆரம்பித்தார். வாக்கியம் முடிவதற்குள் எல்லாக் கைகளும் மேலே போய்விட்டன. டுவேன் இரண்டு கையையும் தூக்கியிருந்தான்.

அன்று பகலிலேயே ஆரஞ்சு நிற ஒயர் இரண்டு வண்டிகளுக்கும் நடுவே ஓடியது. அதைச் சொருகும் உரிமையைக் கமாண்டர் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. நாங்கள் கைதட்டினோம், அவர் அதை ஏற்றுக்கொண்டார். மேவிஸ் மறுநாள் காலை பத்து மணி வரைக்கும் தூங்கினாள்.

இப்போது புதிதாக வருகிறவர்களை மரத்தடி நாற்காலியில் உட்காரவைத்து, மலிவு விலையில் சீன ஜெனரேட்டர் வாங்குவது எப்படி என்று கமாண்டர் வகுப்பெடுக்கிறார். பெரிய எழுத்தை நம்பாதீர்கள், பொடி எழுத்தைப் பாருங்கள், முதல் ஆயிலைச் சீக்கிரம் மாற்றுங்கள், பெட்ரோலைத் தேங்கவிடாதீர்கள் என்கிறார். கடைசியில் சொன்னதை மட்டும் அவர் சொந்தமாகக் கண்டுபிடித்தார் என்பதால், அதைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் கம்மும்.

வண்டி ஆடாமல் நிற்க நாலு மூலையிலும் ஜாக்கி உண்டு. ஒரு ராத்திரி தங்குகிறவர்கள் அதை இறக்க மாட்டார்கள். வந்த நாளிலிருந்து கிளெண்டாவும் இறக்கியிருக்கவில்லை. ஓட்டெடுப்புக்கு மறுநாள், திங்கட்கிழமை காலை, அவள் ஒவ்வொரு மூலையாகக் குனிந்து கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தாள். கமாண்டர் மட்டக்கோலோடு போய், இடது பக்கம் அரை அங்குலம் தாழ்ந்திருக்கிறது என்று அறிவித்தார்.

"அப்படின்னா அந்தப் பக்கம் நீங்க பிடிங்க, கமாண்டர்" என்றாள் கிளெண்டா.

அவர் மண்டியிட்டுப் பிடித்தார்.