செங்கொடி சிரிக்காத கதை

கோபம் வந்தால் சிவந்தி டீச்சரின் தமிழ் நேராக வியாசர்பாடிக்குப் போய்விடும். அவள் பிறந்து வளர்ந்த இடம் அது. திருவொற்றியூர்ப் பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வந்த பிறகும் அந்தப் பேச்சை அவள் விடவில்லை, விடுவதாகவும் இல்லை. அன்று காலை ஆசிரியர் அறையில் ஒன்பதாம் வகுப்பு 'பி' பிரிவின் தாள்களைப் புரட்டியபோது கோபம் உச்சிக்கு ஏறியது. ஒவ்வொரு தாளிலும் பெயர் மட்டும் அழகாக எழுதியிருந்தது. கேள்விகளுக்குக் கீழே ஓர் எழுத்துகூட இல்லை.

"இன்னா மேடம் இது? முப்பத்துச் சொச்சம் பேர்ல ஒருத்தர்கூடவா எழ்தல?"

"ஒருத்தரும் எழுதலை டீச்சர். ஒரு பக்கக் கதை, கீழ அஞ்சு கேள்வி, அவ்வளவுதான்" என்றாள் எதிரே இருந்த தேவகிருபை.

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஆங்கிலத்தை வாசித்துப் புரிந்துகொள்கிறார்களா என்று பள்ளி பள்ளியாகச் சோதித்து அறிக்கை கொடுப்பது தேவகிருபையின் வேலை. யானைக்கவுனியில் பாத்திரக் கடை நடத்திய தூத்துக்குடிக் குடும்பத்துப் பெண். குரலை உயர்த்த மாட்டாள், விதியையும் வளைக்க மாட்டாள்.

"எழுதாத பதிலுக்கு நான் எப்படி மார்க் போட முடியும், சொல்லுங்க. 'ஆரம்ப நிலை'ன்னுதான் அறிக்கைல போடணும்."

அந்த இரண்டு வார்த்தைக்கு என்ன பொருள் என்று சிவந்திக்குத் தெரியும். ஆரம்ப நிலை என்று வந்துவிட்டால் வெள்ளிக்கிழமைக் கதை வகுப்பு போச்சு. அதற்குப் பதிலாக எழுத்துப் பயிற்சிப் புத்தகம் வரும், புள்ளி வைத்த எழுத்தின் மேலேயே பென்சிலை ஓட்டுகிற சமாச்சாரம். மீசை அரும்பிய பையன்கள் உட்கார்ந்து அதை ஓட்ட வேண்டும், ஒரு வருஷம் முழுக்க.

கதை வகுப்பு சிவந்தி தானாக உண்டாக்கியது. மூர் மார்க்கெட்டின் பழைய புத்தகக் கடைகளில் பேரம் பேசி, மூட்டை கட்டி, ரயிலில் ஏற்றிக் கொண்டுவந்த ஆங்கிலக் கதைப் புத்தகங்கள் வகுப்பின் இரும்பு பீரோவை அடைத்துக்கொண்டு கிடக்கின்றன. வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பீரியடில் யாரும் வாய் திறக்கக் கூடாது, வாசிக்க வேண்டும். இந்தப் பிள்ளைகள் நாய் செத்துப்போகிற கதைக்குக் கண்ணைத் துடைத்துக்கொண்டதை அவள் பார்த்திருக்கிறாள். ஒரு கதையின் முடிவுக்காக இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டதையும் விலக்கிவிட்டிருக்கிறாள். செங்கொடி என்ற பெண்ணோ புத்தகத்தைத் திருப்பித் தரும்போது கூடவே ஒரு கேள்வியையும் தருவாள். இவர்களா ஆரம்ப நிலை?

நேராக வகுப்புக்குப் போய்க் கதவைச் சாத்தினாள்.

"ஏண்டா எழ்தல? கதை புரியலையா?"

"புரிஞ்சிச்சு மிஸ்" என்று நாலைந்து குரல் வந்தது.

"அப்புறம் இன்னா கேடு?"

கடைசி பெஞ்சிலிருந்து அஃப்ரித் எழுந்தான். வகுப்பின் அதிகாரபூர்வமற்ற வக்கீல் அவன்.

"மிஸ், கோச்சுக்காதீங்கோ. போன வருசம் இருந்த சார் இன்னா பண்ணுவாரு தெரியுமா? தப்பா எழ்தினவன் பேப்பரை எட்த்து கிளாஸ் முன்னாடி சத்தமா படிப்பாரு. பக்கத்து கிளாஸே சிரிக்கும். ஏற்கெனவே நாம தமிழ் பேசினாலே படத்துல நம்மள வச்சுக் கலாய்க்கிறாங்கோ. இங்கிலீஷ்லயும் போயி அசிங்கப்படணுமா? காலியா வுட்டா ஒருத்தனும் ஒண்ணும் சொல்ல முடியாது. அதான் மிஸ் கெத்து."

வகுப்பே தலையை ஆட்டியது. சிவந்திக்குத் திட்ட வாய் வரவில்லை. அவளே பத்தாவது படிக்கும்போது அப்படி ஒரு தாளைக் காலியாகக் கொடுத்தவள்தான். பயத்தைக் கெத்து என்று பேர் சொல்லிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வது இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கைவந்த கலை.

திரும்ப ஆசிரியர் அறைக்கு வந்தபோது தேவகிருபை பையை மூடிக்கொண்டிருந்தாள்.

"மேடம், ஒரே ஒரு தடவை. நீங்களே இங்கிலீஷ்ல ஒரு கதை எழ்திட்டு வாங்க. சிரிப்பு வர்ற கதை. எனக்குக்கூட முன்னாடி காட்டாதீங்க. பசங்க கைல குட்த்துட்டு அவங்க மூஞ்சியப் பாருங்க."

தேவகிருபைக்கு விளங்கிவிட்டது, வாசித்துப் புரிந்தவன்தான் சிரிப்பான். ஆனாலும் கேட்டாள். "ஒருத்தன் சிரிச்சா பக்கத்துல இருக்கிறவனும் சிரிப்பானே டீச்சர்?"

"சிரிப்பான். ஆனா யாரு எந்த வரில சிரிக்கிறாங்கோன்னு உங்களுக்குத் தெரிஞ்சுடும்."

தேவகிருபை பையைத் தோளில் மாட்டினாள். "சரி, நாளைக்கு வாரேன். ஆனா ஒண்ணு, அறிக்கைல சிரிப்புன்னு எழுத முடியாது. பிள்ளைகள் கையால, இங்கிலீஷ்ல, ஏதாவது எழுத்துல வேணும்."

"அத்த நான் பாத்துக்கறேன்" என்று சிவந்தி சொல்லிவிட்டாள். எப்படிப் பார்த்துக்கொள்வது என்று அவளுக்கே தெரியவில்லை.

மறுநாள் தேவகிருபை கதையோடு வந்தாள். கெட்டிக்காரி. சிரிப்பு வரும் வரியைத் தாளின் பின்பக்கத்துக்குத் தள்ளியிருந்தாள். தாளைத் திருப்பாதவன் சிரித்தால் அங்கேயே குட்டு வெளிப்பட்டுவிடும். கதைக்குக் கீழே பதிலுக்காகக் கோடு போட்ட இடம் காலியாக இருந்தது. வகுப்பில் பிள்ளைகளுக்கெல்லாம் தந்துவிட்டுச் சிவந்தி கையிலும் ஒரு தாளைக் கொடுத்தாள்.

தேவகிருபை எழுதியிருந்த கதை இதுதான். யானைக்கவுனியில் பாத்திரக் கடை வைத்திருந்த என் அப்பாவுக்குத் திருடர் பயம். ஊரிலேயே பெரிய பூட்டாகப் பார்த்து வாங்கினார். அடுத்த கடை வெள்ளத்துரையிடம் காட்டிப் பெருமை அடித்தார். சனிக்கிழமை இரவு அந்தப் பூட்டைப் போட்டுவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனார். மறுநாள் சர்ச்சில் பாட்டு நடக்கும்போது வெள்ளத்துரை மூச்சிரைக்க ஓடிவந்தார். "உன் கடைக்குள்ளே திருடன்! உள்ளேயிருந்து ஷட்டரைத் தட்டுகிறான்!" அப்பா வேட்டியை மடித்துக் கட்டினார். பாடிக்கொண்டிருந்தவர்களையெல்லாம் தடியும் கையுமாகக் கூட்டிக்கொண்டு போனார். கடை வாசலில் நின்று, "திருடா, அசையாதே!" என்று கத்தினார்.

இங்கே தாளைத் திருப்ப வேண்டும்.

முந்தின ராத்திரி அண்டாக்களுக்குப் பின்னால் அசந்து தூங்கிவிட்ட வேலைக்காரரின் குரல் உள்ளேயிருந்து வந்தது. "முதலாளி, பூட்டு ரொம்ப நல்ல பூட்டு. ராத்திரி முழுக்க நானே சோதித்துப் பார்த்துவிட்டேன்."

சிவந்திக்கே சிரிப்பு முட்டியது. உதட்டைக் கடித்துக்கொண்டு பிள்ளைகளைப் பார்த்தாள். ஒரு சத்தமும் இல்லை. வெளியே எண்ணூர் சாலையில் கண்டெய்னர் லாரிகள் போகிற அதிர்வில் ஜன்னல் கம்பி மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது. தேவகிருபை கையைக் கட்டிக்கொண்டு, கண்ணை மட்டும் பெஞ்சு பெஞ்சாக ஓட்டினாள்.

அஃப்ரித் தாளைத் திருப்பினான். ஒரு நொடி. அவன் மூக்கிலிருந்து சத்தம் பீறிட்டது, தலையைப் பெஞ்சின் மேல் கவிழ்த்துக்கொண்டான். பக்கத்துப் பையன் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, விரலால் வரியைத் தொட்டபடி படித்துக்கொண்டே போனான். அவனும் திருப்பினான், அவனும் வெடித்தான். நடு வரிசையில் ஒருத்தி துப்பட்டாவை வாயில் திணித்துக்கொண்டாள். இங்கே ஒன்று, அங்கே ஒன்று என்று அவரவர் வாசிக்கும் வேகத்துக்கு அவரவர் சிரித்தார்கள். திருப்பாத தாளுக்கு ஒருவரும் சிரிக்கவில்லை.

சிரிப்பு ஓய்ந்தது. வகுப்பில் எல்லாருக்கும் பின்னால் வாசித்து முடிப்பவள் அம்மு. அவள் மட்டும் இன்னும் உதட்டை அசைத்து, எழுத்துக் கூட்டி வந்துகொண்டிருந்தாள். தாளைத் திருப்பினாள். எல்லாரும் அடங்கி உட்கார்ந்திருந்த அந்த அமைதியில், தன்னந்தனியாக, கலகலவென்று சிரித்தாள். சிரித்துவிட்டு வெட்கப்பட்டுப் போய் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சிவந்திக்குக் கண் நிறைந்துவிட்டது. யாரைப் பார்த்து அம்மு சிரித்தாள்? யாரையும் பார்த்து அல்ல, எழுத்தைப் பார்த்துச் சிரித்தாள். என் பிள்ளைகள், என் பிள்ளைகள் என்று மனசு அடித்துக்கொண்டது.

தேவகிருபையின் முகத்திலும் சிரிப்பு இருந்தது. ஆனால் அவள் கண் ஜன்னலோரத்தில் நின்றது.

"டீச்சர், அந்தப் பிள்ளை சிரிக்கவே இல்லையே. எப்பவோ தாளைத் திருப்பிட்டா."

செங்கொடி. சிவந்திக்குத் திக்கென்றது. வகுப்பில் யாருக்குப் புரியாமல் போனாலும் இவளுக்குப் புரியாமல் போகாது என்று சத்தியம் பண்ணியிருப்பாள். அந்தச் செங்கொடி நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, முன்பக்கமும் பின்பக்கமுமாகத் தாளைத் திருப்பித் திருப்பித் தேடிக்கொண்டிருந்தாள்.

"செங்கொடி, இன்னாடி? புரியலையா?"

அவள் எழுந்தாள். "புரிஞ்சிச்சு மிஸ். அந்த ஆளு ராத்திரி முச்சூடும் உள்ளாற இருந்தாரே, தண்ணி கிண்ணி இருந்துச்சா? ஒண்ணுக்கு வந்தா இன்னா பண்ணாரு? அப்புறம், அவுரு பேரு இன்னா? அடுத்த கடைக்காரருக்குக்கூட பேரு போட்டுக்கீது. இவுருக்கு மட்டும் போடல."

"அது கதைல இல்லம்மா" என்றாள் தேவகிருபை.

"அதான் மிஸ் கேக்கறேன்."

தேவகிருபை தன் கதைத் தாளைத் திருப்பிப் பார்த்தாள். ஒவ்வொரு கிறிஸ்துமஸ் விருந்திலும் அவள் அப்பா அந்த வேலைக்காரரின் குரலிலேயே பேசிக் காட்டும் கதை அது. சிரித்துச் சிரித்துப் புரையேறும். தண்ணீர் இருந்ததா என்று அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. அவளும் கேட்டதில்லை.

சிவந்திக்கு அப்போதுதான் பளிச்சென்று பட்டது.

"செங்கொடி, இப்ப கேட்டியே, அத்த அப்டியே இங்கிலீஷ்ல எழ்து. பதில் எழ்தற கோட்டுலயே எழ்து."

"தப்பாயிட்டா மிஸ்?"

"கேள்விதானடி கேக்கற? பதிலுதான் தப்பாவும். கேள்வில இன்னா தப்பு கீது?"

செங்கொடி பேனாவை எடுத்தாள். வகுப்பு அவளைப் பார்த்தது. பிறகு அஃப்ரித் எடுத்தான். அப்புறம் வகுப்பு முழுக்கப் பேனா மூடிகள் திறக்கிற சத்தம். நேற்று வெள்ளையாகத் தாள் கொடுத்த கூட்டம் கோட்டைத் தாண்டி, ஓரத்திலும் எழுதியது. தடியோடு போனவர்களில் முதலில் சிரித்தது யார் என்று அஃப்ரித் ஆங்கிலத்தில் கேட்டிருந்தான். இருட்டில் அவருக்குப் பயமாக இருந்ததா, கடையில் எலி உண்டா என்று அம்மு கேட்டிருந்தாள். உங்கள் அப்பா அவரிடம் மன்னிப்புக் கேட்டாரா என்பதைப் பல பேர் கேட்டிருந்தார்கள்.

தாள்களை வாங்கிக்கொண்டு தேவகிருபை முன்வரிசை பெஞ்சிலேயே உட்கார்ந்தாள். செங்கொடியின் தாள் மேலாக இருந்தது. பதில் எழுதப் பேனாவைத் திறந்தாள். கேள்வியைப் படித்தாள். மறுபடியும் படித்தாள். பேனா அசையவில்லை.

"தெரியலைன்னா காலியா வுட்ருங்கோ மிஸ்" என்றான் அஃப்ரித் பெருந்தன்மையாக. "நாங்களும் அப்டித்தான்."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. தேவகிருபையும் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே போனை எடுத்து வராந்தாவுக்குப் போனாள். சிவந்திக்கு ஒரு பக்கத்துப் பேச்சு மட்டும் கேட்டது.

"அப்பா, நம்ம பூட்டுக் கதைல அந்த ஆள் பேரு என்ன? ... ஒன்பதாவது படிக்கிற பிள்ளைப்பா. இங்கிலீஷ்ல வாசிச்சுட்டுத்தான் கேக்கா ... தண்ணி இருந்துச்சான்னு கேக்கா."

அதற்குப் பிறகு நெடுநேரம் அவள் கேட்டுக்கொண்டு மட்டும் நின்றாள். ஒருமுறை, "இதை ஏம்ப்பா நீங்க சொன்னதே இல்ல?" என்றாள். உள்ளே வந்து உட்கார்ந்து, செங்கொடியின் கேள்விக்குக் கீழே ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கினாள். சிவந்தி கூச்சமே இல்லாமல் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

அவர் பெயர் ஜெயவேல். உள்ளே தண்ணீர் இல்லை. ஒதுங்க இடமும் இல்லை, ஓர் அண்டா வீணாயிற்று. அப்பா மன்னிப்புக் கேட்கவில்லை, எல்லாரோடும் சேர்ந்து சிரித்தார். ஜெயவேலும் சிரித்தார். அப்புறம் அந்தப் பெரிய பூட்டைக் கழற்றித் தோள் துண்டில் முடிந்துகொண்டு, "ராத்திரி முழுக்கச் சோதித்தது நான், இது எனக்குத்தான்" என்று சொல்லிவிட்டுப் போனவர், வேலைக்குத் திரும்பவே இல்லை. சாவி மட்டும் இன்றைக்கும் அப்பாவிடம் இருக்கிறது.

தேவகிருபை தாளைச் செங்கொடியிடம் நீட்டினாள். பிறகு அறிக்கைப் படிவத்தை எடுத்தாள். அதில் கடைசியாக ஒரு நிலை உண்டு: வாசித்ததைத் தாண்டி, சொல்லாமல் விட்டதையும் தேடுபவர்கள். இதுவரை எந்தப் பள்ளிக்கும் அவள் அந்தக் கட்டத்தைத் தொட்டதில்லை. ஒன்பதாம் வகுப்பு 'பி' என்று எழுதி, அந்தக் கட்டத்தில் அழுத்தமாக ஒரு குறி போட்டாள். "கதை வகுப்பு நடக்கட்டும் டீச்சர். வெள்ளிக்கிழமை நானும் வரலாமா?"

சிவந்தி தலையாட்டினாள். அவள் ஜன்னலோரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். செங்கொடி அவசரப்படாமல் வரி வரியாக இறங்கி வந்துகொண்டிருந்தாள். தண்ணீர் இல்லை என்ற இடத்தில் உதட்டைக் கடித்தாள். மன்னிப்பு இல்லை என்ற இடத்தில் முகம் கறுத்தது. கடைசி வரிக்கு வந்தாள்.

ஒன்பதாம் வகுப்பு 'பி'யின் கடைசிச் சிரிப்பு அப்போதுதான் கிளம்பியது. பெஞ்சைத் தட்டித் தட்டிச் சிரித்தாள் செங்கொடி.