பெட்டி இருந்த இடத்தில் ஓர் அட்டை

கடையின் மாடி அறையை அளக்க வந்த பல் மருத்துவர், அளவு நாடாவின் ஒரு முனையைச் சின்னுவின் கையிலேயே பிடிக்கக் கொடுத்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. அந்த அறையில் உட்கார்ந்திருக்கும் பெண் யார், என்ன செய்கிறாள் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. "கொஞ்சம் தள்ளிப் பிடிங்கம்மா, நாற்காலி இங்கதான் வரும்" என்றார். நோயாளி சாய்ந்து வாய் திறக்கப்போகும் அந்த நாற்காலியின் இடத்தில்தான் சின்னுவின் மேசையும் கணினியும் பார்சல் ஒட்டும் டேப்பும் இருந்தன. சின்னு நாடாவை நேராகவே பிடித்தாள். எதையும் கோணலாகச் செய்ய அவளுக்கு வராது.

கீழே இருப்பது கீல், தாழ்ப்பாள், கைப்பிடி, பூட்டு விற்கும் கடை. அண்ணனும் அண்ணியும் நடத்துகிறார்கள். சின்னு வேறு ஊரில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தின் கடிதப் பிரிவில் பதினோரு வருடம் குப்பை கொட்டிவிட்டு, கடைச் சரக்கை இணையத்தில் விற்றுக் காட்டுகிறேன் என்று வந்தவள். அலுவலகத்தில் ஆறு மாத விடுப்பு கொடுத்திருந்தார்கள். அண்ணனும் அதே ஆறு மாதத்தைத் தவணையாக வைத்தார். கடைசி வாரத்தில் நாளுக்கு முப்பது ஆர்டர் வந்தால் அறை அவளுக்கு. வராவிட்டால் அறை பல் மருத்துவருக்கு, இணையக் கடை மூடப்படும், அவள் பழைய நாற்காலிக்கே திரும்ப வேண்டும். அண்ணன் சொன்னால் சொன்னதுதான். தங்கைக்காக ஒரு நாள்கூடக் கூட்டித் தரமாட்டார், தனக்காகவும் கேட்கமாட்டார்.

மருத்துவர் அளந்துவிட்டுப் போன அன்று மூன்று மாதம் முடிந்திருந்தது. ஆர்டர் ஐந்து, ஆறு என்று வந்துகொண்டிருந்தது. மழை பெய்தால் மூன்று.

அண்ணியின் தம்பிதான் கடைக்கு இணையதளம் கட்டிக் கொடுத்தவன். எந்த வாசலிலும் குனிந்தே நுழைவதால் வீட்டில் எல்லாருக்கும் அவன் நெட்டை. அவனைக் கூப்பிட்டு, எங்கே கோளாறு என்று கேட்டாள். அவன் நின்றுகொண்டே ஒரு பொருளின் பக்கத்தைத் திறந்து, மேலே இருந்த முகவரியைக் காட்டினான். கடைப் பெயருக்குப் பிறகு ஒரு கேள்விக்குறி, ஒரு சமக்குறி, நாலு இலக்க எண், மறுபடி ஒரு குறி, மறுபடி ஓர் எண்.

"இதைப் படிச்சா உள்ள கீல் இருக்குன்னு உங்களுக்குத் தெரியுதா அக்கா? தேடுற இயந்திரத்துக்கும் தெரியாது" என்றான்.

பிறகு அவன் விளக்கியதைச் சின்னு வரிசை எண் போட்டுக் குறித்துக்கொண்டாள். ஒரே கீல், விலைப்படி அடுக்கினால் ஒரு முகவரியில் வருகிறது, நிறப்படி அடுக்கினால் இன்னொரு முகவரியில் வருகிறது. தேடுபொறி இரண்டையும் இரண்டு பொருள் என்று நினைத்து இரண்டையும் பின்னால் தள்ளிவிடுகிறது. பொருளுக்கு ஒரே முகவரிதான் இருக்க வேண்டும், அதில் பொருளின் பெயர் மனிதர் படிக்கும்படி இருக்க வேண்டும், சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் சிறு கோடு வர வேண்டும். "கணினியே தானா பேர் வெச்சா அசிங்கமா இருக்கும். நீங்கதான் உட்கார்ந்து வெக்கணும்" என்றான். மொத்தம் இரண்டாயிரத்துச் சொச்சம் பொருள். அவனைப் பொறுத்தவரை அது கெட்ட செய்தி. பதினோரு வருடம் கடிதங்களின் தலையில் 'பொருள்:' என்று ஒரு வரி எழுதியவளுக்கு அது பலகாரம் மாதிரி.

மூன்று வாரம் பெயர் வைத்தாள். காலையில் அண்ணி ஒவ்வொரு பெட்டியாக மேலே அனுப்புவாள். பெட்டிக்கு வெளியே, உள்ளே இருப்பதில் ஒன்றைக் கம்பியால் கட்டித் தொங்கவிட்டிருக்கும். சின்னு அதைப் புரட்டிப் பார்த்து எழுதுவாள்: பித்தளை, கீல், மூன்று அங்குலம். வாடிக்கையாளர் எந்தச் சொல்லைத் தட்டுவாரோ அந்தச் சொல்லையே போட்டாள். தயாரிப்பாளரின் புத்தகத்தில் ஆடம்பரமாக ஒரு பெயர் இருக்கும்; அதைத் தேடி எவனும் வரமாட்டான்.

ஒரு சிக்கல் வந்தது. மூன்று அங்குலப் பித்தளைக் கீல் என்ற பெயரிலேயே பதினோரு பெட்டி இருந்தன. ஒரே முகவரியைப் பதினோரு பொருளுக்குக் கொடுக்க முடியாது. சின்னு யோசிக்கவே இல்லை. அந்தக் கடையில் எதையும் பெயர் சொல்லி யாரும் கேட்பதில்லை, இடம் சொல்லித்தான் கேட்பார்கள். 'நாலு-ரெண்டு-ஒன்பது எடு' என்றால் நாலாவது அடுக்கு, இரண்டாவது தட்டு, ஒன்பதாவது பெட்டி. சின்னு பல் முளைக்கும் முன்பே கேட்ட மொழி அது. ஒவ்வொரு பெயரின் வாலிலும் அந்த எண் கடைக் கணினியிலிருந்து தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்படி செய்யச் சொன்னாள். இது எதுக்கு என்று நெட்டை ஒருமுறை கேட்டான். குழம்பாமல் இருக்க என்றாள். சரி என்று செய்துவிட்டான். பழைய கேள்விக்குறி முகவரிக்கு வருபவர்கள் புது முகவரிக்குப் போய்ச் சேரும்படியும் ஒரு வழி வைத்தான். அதை அவளிடம் சொல்லவும் செய்தான். சின்னு காதில் வாங்கி, குறிக்காமல் விட்ட ஒரே விஷயம் அது.

ஐந்தாம் மாதத்தின் நடுவில் ஆர்டர் இருபத்துநாலைத் தொட்டது. அண்ணன் மாடிப்படி விளக்கை மாற்றிப் போட்டார். அவர் பாராட்டு அவ்வளவுதான். ஒரு தச்சர் மூன்று முறை ஒரே கீலை வாங்கினார். ஒரு பள்ளிக்கூடம் அறுபது கொக்கி வாங்கியது.

அந்தச் சமயத்தில் நாலாவது அடுக்கில் கரையான் ஏறியது. அண்ணி இரண்டே நாளில் அதிலிருந்த அறுநூற்றுப் பன்னிரண்டு பெட்டியையும் மற்ற அடுக்குகளுக்கு மாற்றி, கணினியிலும் ஒவ்வொன்றாகப் புது இடத்தை ஏற்றிவிட்டாள். மூச்சு வாங்க உட்கார்ந்தபோது, "கரையானுக்கு இருக்கிற சுறுசுறுப்பு இந்த வீட்டுல ஒருத்தருக்கும் இல்ல" என்றாள். அண்ணன் அதைக் கேட்காத மாதிரி பூட்டுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் ஆர்டர் பதினாறு. அடுத்த நாள் பதினொன்று. பிறகு ஏழு. சின்னு வழக்கம்போல் காரணங்களைப் பட்டியல் போட்டாள்: மாதக் கடைசி, மழை, படங்கள் இருட்டாக இருப்பது. பட்டியலில் கரையான் இல்லை.

ஐந்தாம் நாள் அந்தத் தச்சர் தொலைபேசியில் வந்தார். நீங்கள் கடையை மூடிவிட்டீர்களா என்று கேட்டார். தான் செய்யும் அலமாரிகளின் கதவுக்கு உள்பக்கம் கீலின் முகவரியை அச்சடித்து ஒட்டிக் கொடுப்பது அவர் வழக்கமாம். பின்னாளில் கீல் போனால் வீட்டுக்காரர்களே வாங்கிக்கொள்ளலாம். இப்போது இரண்டு வீட்டுக்காரர்கள் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு அவரைத் திட்டியிருக்கிறார்கள். "பக்கம் இல்லைன்னு வருதாம். என் பேரு கெடுதும்மா" என்றார்.

சின்னு தட்டிப் பார்த்தாள். பக்கம் இல்லை. அதே கீலைக் கடைக்குள் போய்த் தேடினாள். இருந்தது, ஆனால் முகவரியின் வாலில் வேறு எண். அறுநூற்றுப் பன்னிரண்டு பொருளின் முகவரியும் ஒரே வாரத்தில் மாறியிருந்தது. தேடுபொறியிலிருந்து வந்தவர்கள் எல்லாரும் வெற்றுப் பக்கத்தில் முட்டிக்கொண்டு திரும்பிப் போயிருந்தார்கள்.

படியிறங்கிப் போனவள், கடையில் ஆள் இருக்கிறதா என்றுகூடப் பார்க்கவில்லை.

"அண்ணி, ஒரு வார்த்தை சொல்லிட்டு மாத்தியிருக்கக் கூடாதா? என் மூணு வார வேலை போச்சு."

அண்ணி ஒரு தாழ்ப்பாளைத் தாளில் சுற்றிக்கொண்டிருந்தாள். சுற்றி முடித்து, வாங்க வந்தவரை அனுப்பிவிட்டுத்தான் திரும்பினாள்.

"பெட்டிய மாத்தினேன், மாத்தின இடத்தை எழுதினேன். பதினெட்டு வருஷமா அதைத்தான் செய்யுறேன். உன் முகவரிக்குள்ள என் அடுக்கை யாரு கொண்டுபோய் வெச்சது?"

வைத்தது யார் என்பது சின்னுவின் குறிப்பேட்டிலேயே இருந்தது, தேதியோடு.

மாலையில் நெட்டை வந்தான். வாசலில் குனிய மறந்து இடித்துக்கொண்டான். பழைய முகவரிக்கு வருபவரைப் புதிய முகவரிக்கு நிரந்தரமாகத் திருப்பிவிடலாம், பத்து நிமிட வேலை என்றான். ஆனால் எந்தப் பழைய எண் எந்தப் பெட்டியுடையது என்று தெரிய வேண்டும். கணினியில் பழைய எண்ணின் மேலேயே புது எண் ஏறிவிட்டது. இரண்டு நாளுக்கு முந்தைய தளத்தின் நகல் அவனிடம் இல்லை. பெயரை வைத்துப் பிடிக்கலாம் என்றால், ஒரே பெயரில் பதினோரு கீல். "கீல் வாங்க வந்தவரைக் கண்டபடி திருப்பிவிட்டா, தப்புக் கீல் போய்ச் சேரும்" என்றான்.

அண்ணியும் சேர்ந்து மூவரும் நாலாவது அடுக்கின் முன்னால் நின்றார்கள். பெட்டிகளெல்லாம் போய்க் காலியான அடுக்கு. மருந்து நெடி அடித்தது. நெட்டை அவன் உயரத்துக்கு நேராக இருந்த மேல் தட்டைப் பார்த்துவிட்டு, இது என்ன அக்கா என்று கேட்டான்.

பெட்டிகள் இருந்த ஒவ்வோர் இடத்திலும் தீப்பெட்டி அளவில் ஓர் அட்டை செருகியிருந்தது. ஒவ்வொன்றிலும் அண்ணியின் குண்டு எழுத்தில் புது இடத்தின் எண். பெட்டியை மாற்றினால் பழைய இடத்தில் அட்டை வைக்காமல் அந்தக் கடையில் யாரும் நகர்ந்ததில்லை. கை பழக்கத்தில் பழைய இடத்துக்குத்தான் போகும், போன கை வெறுமையாகத் திரும்பக் கூடாது. சின்னுவும் சிறுவயதில் நூறு அட்டை எழுதியிருப்பாள்.

"டேய், அதுல கை வெக்காத. வரிசை குலைஞ்சா நான் பொறுப்பில்ல" என்றாள் அண்ணி.

"இதைத்தான்க்கா நான் கம்ப்யூட்டர்ல பண்ணப்போறேன்" என்றான் நெட்டை.

இரண்டு நாள் அண்ணி அட்டைகளை வாசித்தாள், சின்னு தட்டச்சு செய்தாள். முகவரியின் வாலிலிருந்து அடுக்கு எண்ணை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதில், ஒரே மாதிரியான கீல்களை அண்ணி கையில் வாங்கி, இது நாலு துளை, இது முனை மழுங்கினது, இது ஆணி கழற்றி மாட்டுவது என்று பிரித்துச் சொன்னாள். பெட்டி எங்கே போனாலும் துளை மாறாது. முன்பிருந்த ஒவ்வொரு முகவரியும், கரையானுக்கு முந்தியதும் பிந்தியதும், புதியதற்குத் திருப்பிவிடப்பட்டது. சின்னு தச்சரை அழைத்து அவர் ஒட்டிய தாளைத் தட்டிப் பார்க்கச் சொன்னாள். அவர் பார்த்துவிட்டு, திறக்குது என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். மறுநாள் எட்டு கீல் வாங்கினார்.

தேடுபொறி மெதுவாகத்தான் மன்னித்தது. ஆறாம் மாதக் கடைசி வாரத்தில் கணக்குப் பார்த்தார்கள். நாளுக்கு இருபத்துமூன்று.

அண்ணன் அந்த எண்ணை இரண்டு முறை பார்த்தார். பல் மருத்துவருக்கு ஆள் அனுப்பிவிட்டதாகச் சொன்னார். சின்னு தலையாட்டினாள். வேலைக்குத் திரும்புவதாக அலுவலகத்துக்கு எழுத வேண்டிய கடிதத்தை முந்தின நாளே எழுதி, மடித்து, உறையில் போட்டிருந்தாள்.

அண்ணி கல்லாவிலிருந்து தலையை நிமிர்த்தாமல், இருபத்துமூன்றில் ஒன்பது பேர் பழைய முகவரியில் வந்தவர்கள் என்றாள். கடையை மூடினால் அவர்கள் மறுபடி முட்டிக்கொள்வார்கள், அட்டை வைக்காமல் போகும் பழக்கம் இந்த வீட்டில் கிடையாது என்றும் சொன்னாள். அண்ணன், வாக்கு வாக்குதான், அறையைக் கொடுத்தாகிவிட்டது என்றார்.

"அறைய யாரு கேட்டா? நாலாவது அடுக்கு காலியாத்தானே இருக்கு. அது என் பொறுப்பு. பின்னால ஒரு மேசை போடலாம்" என்றாள் அண்ணி.

அண்ணன், தான் வாய்விட்டுச் சொன்னவற்றை ஒவ்வொன்றாக நினைவுபடுத்திப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது.

"மூடுவேன்னும் சொன்னேனே."

"ஆறு மாசத்துல முப்பது வரலைன்னா. அஞ்சு நாளைக் கரையான் தின்னுச்சு. அதை யாரு கொடுப்பா? நீங்க சொன்ன ஆறு மாசம் இன்னும் நிறையல."

அண்ணன் எழுந்து போய் அடுக்கின் பின்னால் இருந்த இடத்தைக் காலடியால் அளந்தார். கடையின் அளவு நாடாவை மருத்துவர் இரவல் வாங்கிப் போயிருந்தார். திரும்பி வந்து, விளக்கு ஒன்று போட வேண்டியிருக்கும் என்றார்.

அடுத்த வாரம் சாய்வு நாற்காலி மேலே ஏறியது, மேசை, அனுப்பாத அந்த உறையோடு, கீழே இறங்கியது. பார்சல் எடுக்க வருபவர் பழக்கத்தில் மாடிக்கே போனார். கதவில், மருத்துவரின் பெயர்ப்பலகைக்குக் கீழே தீப்பெட்டி அளவில் ஓர் அட்டை இருந்தது. இந்த முறை எழுத்து சின்னுவுடையது: இணையக் கடை, இப்போது கீழே, நாலாவது அடுக்குக்குப் பின்னால். அவர் படித்துவிட்டு இறங்கி வந்தார்.