வேண்டாம் என்று சொல்ல ஒருவர்

திலகவதிக்குக் கொஞ்சமாகச் சமைக்க வராது. ஒரு ஆளுக்கு என்று அடுப்பைப் பற்ற வைத்தாலும் நாலு ஆளுக்குக் குழம்பு வந்து நிற்கும். அம்மா போய்ச் சேர்ந்தாள், தம்பி கணேஷ் சென்னையில் குடும்பமாகிவிட்டான், கல்யாணம் என்ற பேச்சும் எப்போதோ நின்றுபோனது. கை மட்டும் பழைய கணக்கிலேயே அளந்தது. மிச்சத்தை டப்பாவில் அடைத்துக்கொண்டு, புதுக்கோட்டையில் தான் வேலை பார்க்கும் தனியார் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போவாள். பில் போடும் கவுண்டரில் பக்கத்து நாற்காலிக்காரி பிரகதீஸ்வரிதான் அதை வழித்துச் சாப்பிடுவாள்.

அந்தப் பிரகதீஸ்வரி போன வருஷம் வேலையை விட்டாள். விட்டவள் சும்மா இருந்தாளா? சித்தன்னவாசல் போகிற வழியில் புருஷனுக்கு இருந்த இடத்தில் கொட்டகை போட்டுவிட்டு வந்து நின்றாள். ஓவியம் பார்க்க வருகிற சனம் பசியோடு திரும்பிப் போகிறது, அங்கே மெஸ் வைக்கலாம், அக்கா அடுப்படியைப் பார்த்துக்கொண்டால் லாபத்தில் பாதி என்று பிடித்த பிடியை விடவில்லை. திலகவதி தன் பங்குக்கு பி.எஃப். பணத்தைப் போட வேண்டும். அதற்கு வேலையை விட வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்லவில்லை என்றால் வேறு ஆள் பார்த்துக்கொள்வாளாம்.

ஆஸ்பத்திரி வேலை ஒன்றும் அரண்மனை உத்தியோகம் இல்லை. ஆனால் ஒன்றாம் தேதி சம்பளம் வந்து விழும். நாற்பத்தாறு வயதில் மெஸ் படுத்துவிட்டால் திரும்பி வந்து உட்கார அந்த நாற்காலி காத்திருக்காது. இதெல்லாம் அவளுக்குத் தெரியாதா? தெரியும். ஆசை ஒரு பக்கம் இழுத்தது, பயம் ஒரு பக்கம் இழுத்தது. யாரையாவது கேட்டால் தேவலை என்று இருந்தது.

கணேஷுக்கு போன் போட்டாள். ஆபீஸ் வேலைக்கு நடுவிலும் முழுசாகக் கேட்டுக்கொண்டுதான் பதில் சொன்னான், அதில் குறை சொல்ல முடியாது.

"ஒன் இஷ்டம்க்கா. ஒனக்கு எது தோணுதோ அதச் செய்யி."

அவன் வைத்த பிறகும் திலகவதி போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

கவுண்டரில் இருந்தவர்கள் இன்னும் மோசம். ஒங்களுக்கென்னக்கா, பிள்ளையா குட்டியா, தைரியமாப் போங்க என்றாள் ஷர்லி. ஒங்களுக்கென்னம்மா, பிள்ளையா குட்டியா, எதுக்கு இந்தப் பாடு, பேசாம இருங்க என்றார் மருந்துக் கடையைப் பார்த்துக்கொள்ளும் பிராங்க்ளின். அடப் பாவிகளா, போவதற்கும் அதுதான் காரணம், இருப்பதற்கும் அதுதான் காரணமா! ஷர்லி நைட் டூட்டிக்குப் போகக் கூடாது என்று அவள் புருஷன் வீட்டில் குதிப்பான். மறுநாள் அவள் மூக்கைச் சிந்திக்கொண்டு வந்து அதைச் சொல்வாள். அந்த அழுகையின் மேல் திலகவதிக்கு இப்போது பொறாமையாக இருந்தது. வெட்கக்கேடுதான், ஆனாலும் இருந்தது.

ஞாயிறு காலையில், பூப் போட்டுப் பார்த்துவிடுவோம் என்று ஊருக்கு வெளியே ரோட்டோரத்து அம்மன் கோயிலுக்குப் போனாள். வெள்ளை அரளி வந்தால் மெஸ், சிவப்பு வந்தால் ஆஸ்பத்திரி. பூசாரி இரண்டையும் தனித்தனியாக இலையில் மடித்து அம்மன் காலடியில் போட்டுவிட்டு, கூட வந்தவுகள எடுக்கச் சொல்லுங்க என்றார். கேட்கிறவரே எடுக்கக் கூடாது, அதுதானே முறை. எப்படி அதை மறந்துபோனாள்? அம்மா இருந்தவரை பூப் போட்டால் எடுப்பதற்கு வீட்டில் நீ, நான் என்று அடித்துக்கொள்வார்கள். கூட யாரும் வரவில்லை என்று சொல்லக் கூசி, வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

வேப்ப மரத்தடியில் பஸ்ஸுக்காக உட்கார்ந்திருந்த ஒரு அம்மாளைப் பூசாரியே கூப்பிட்டார். ஐம்பத்தைந்து வயது இருக்கும், கையில் கட்டைப்பை. வந்தவள் பூவை எடுக்கவில்லை. எதற்காகப் பூப் போடுகிறாய் என்று கேட்டாள். திலகவதி சொன்னாள். அவ்வளவுதான், அந்த அம்மாளுக்கு வந்ததே கோபம்.

"ஒனக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்கு? மாசாமாசம் வர்ற சம்பளத்த விட்டுட்டு, பொட்டக்காட்டுல போயி இட்லி அவிக்கப் போறியா? நான் எடுக்க மாட்டேன். போயி வேலையப் பாரு."

திலகவதி திகைத்துப்போனாள். பிறகு சுர்ரென்று ஏறியது. பொட்டல் காடா? சனி, ஞாயிறு எத்தனை வேன் வருகிறது என்று போய்ப் பார்த்திருக்கிறீர்களா என்று ஆரம்பித்தாள். இட்லியும் இல்லை தோசையும் இல்லை, மதியச் சாப்பாடு மட்டும்தான் என்றாள். மழைக்காலத்தில் எவன் வருவான் என்று அந்த அம்மாள் மடக்கினாள். ஊருக்குள்ளே கடைகளுக்கு டப்பாவில் கட்டி அனுப்புவேன் என்று இவள் மடக்கினாள். கூட்டாளி ஏமாற்றிவிட்டால்? எழுதி வாங்கிக்கொள்வேன். மெஸ் படுத்துவிட்டால்? இந்த ஊரில் வேறு ஆஸ்பத்திரியே இல்லையா? ஒரு வாரமாக அவளைப் பிடுங்கித் தின்ற கேள்விகளுக்கெல்லாம் பதில் அவள் வாயிலிருந்தே வந்து விழுந்தது. எதிர்த்துப் பேச ஆள் இல்லாமல் அத்தனையும் உள்ளேயே கிடந்திருக்கிறது. பூசாரி இரண்டு தடவை பூவை நினைவுபடுத்திப் பார்த்தார். யாரும் காதில் வாங்கவில்லை என்றதும் விளக்கைத் துடைக்கப் போய்விட்டார்.

பஸ் வந்தது. அந்த அம்மாள் பையைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு நடந்தாள். திலகவதி பின்னாலேயே போய் அவள் கையைப் பிடித்தாள்.

"அடுத்த பஸ்ஸுல போங்களேன். இன்னுங் கொஞ்ச நேரம் திட்டிட்டுப் போங்க."

அந்த அம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். கோபமெல்லாம் எங்கே போனதோ, காலையில சாப்பிட்டியா என்று கேட்டாள். பதிலுக்கு நிற்க நேரமில்லை. கண்டக்டர் சத்தம் போட்டார், அவள் ஏறிக்கொண்டாள். பெயர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

திலகவதி அங்கேயே நின்று பிரகதீஸ்வரிக்கு போன் அடித்து, வருகிறேன் என்றாள். அவள் சந்தோஷத்தில் போட்ட கூச்சலில் போனைத் தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது. கூச்சல் அடங்கியதும், ஒங்க வீட்டுல என்னக்கா சொன்னாங்க என்று பேச்சுக்குக் கேட்டாள்.

"எங்க சொந்தத்துல ஒரு அக்கா இருக்காங்க. அவங்க ஒத்துக்கவே இல்ல. வேலைய விடக் கூடாதுன்னு, கோயில்னுகூடப் பாக்காம ஒரே சத்தம்," என்றாள் திலகவதி. அவள் குரலில் அப்படி ஒரு பெருமை. "சண்டை போட்டுட்டுத்தான் வாரேன்."