நிறுத்தக்கூடாத மெஷின்

2024 ஜூன் 18, செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு, சித்தூரிலிருந்து பாகாலா போகும் சாலையில் உள்ள ஒரு மாங்கூழ் ஆலையின் வாசலில் முப்பதுக்கும் மேற்பட்ட டிராக்டர்கள் தோத்தாபுரி ரக மாங்காய் ஏற்றி வரிசையில் நின்றன.

கௌசிகா திருப்பதியிலிருந்து வந்த பஸ்ஸில் இறங்கியபோது டிராக்டர்காரர்கள் இரண்டாவது டீயில் இருந்தார்கள். ஆலையின் கேட்டில் குணா காத்திருந்தான். தரம் பிரிக்கும் மெஷினை ஓட்டுபவன் அவன்தான்.

"நான் ஒண்ணும் தொடல மேடம்," என்றான், அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே. "ராத்திரி ஒரே இடி. கரென்ட் போச்சு, யூபிஎஸ்ஸும் படுத்துக்கினுச்சு. கரென்ட் வந்ததும் ஆன் பண்ணேன். ஸ்கிரீன் கருப்பாவே கீது."

"உன்ன யாரு கேட்டா? வா, பாக்கலாம்."

அந்த மெஷினுக்கு இது முதல் சீசன். பெல்ட்டில் வரும் ஒவ்வொரு பழத்தையும் கேமரா படம் பிடிக்கும். உள்ளே இருக்கும் லினக்ஸ் கம்ப்யூட்டர், தன் கிராஃபிக்ஸ் கார்டின் பலத்தில், பழுத்தது எது, காய் எது, அழுகல் எது என்று கண் இமைக்கும் நேரத்தில் முடிவு செய்து தனித்தனிப் பக்கம் தள்ளிவிடும். அதற்கு மாம்பழம் பார்க்கக் கற்றுக்கொடுத்தவள் கௌசிகா. போன குளிர்காலம் முழுவதும் திருப்பதி ஆபீசில் உட்கார்ந்து மாம்பழப் படங்களாகப் பார்த்துத் தீர்த்திருந்தாள். திருத்தணியில் இருக்கும் அவள் அம்மா போனில் கேட்டபோதெல்லாம், "மாம்பழம்தான் பாத்துக்கினு இருக்கேன்" என்பதே அவள் பதிலாக இருந்தது.

கொட்டகைக்குள் பெல்ட் மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் பெண்கள் நின்று கையால் பழம் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். பழுக்க வைக்கும் அறைகளில் பழம் தயாராக இருந்தது. இன்றைக்குள் அரைக்காவிட்டால் நாளைக்குப் புளித்துவிடும். கைவேலையில் பாதிகூட முடியாது. மெஷின் பெட்டி பெல்ட்டின் மேல் குறுக்கே உட்கார்ந்திருந்ததால் கூடுதல் ஆட்களை நிறுத்தவும் இடமில்லை.

ஆலை மேனேஜர் பூவராகவன் அந்தப் பெட்டியின் பக்கத்தில் நின்றிருந்தார். அவருக்குப் பின்னால், கேஸ் சிலிண்டரோடு ஒரு வெல்டர்.

"வாம்மா. இவரு எதுக்கு வந்துகீறாருன்னு பாக்குறியா? சாப்பாட்டு மணி அடிக்கட்டும். அதுக்குள்ள உன் மெஷின் எழுந்துக்கலன்னா அதோட இரும்புக் காலை அறுத்து ஓரமா வெச்சுடுவாரு. நீங்க லாரி கொண்டாந்து ஏத்திக்கினு போயிடுங்க. பழம் எனக்காகக் காத்துக்கினு இருக்காது."

"அறுக்க வேணாம் சார். எழுந்துக்கும்."

"சரே. எழுப்பு."

வெல்டர் சிலிண்டரைச் சாய்த்து வைத்துவிட்டு அதன் பக்கத்தில் குந்தினார்.

கௌசிகா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். திரையின் மூலையில் சீசன் முதல் நாள் பூஜைக்கு வைத்த குங்குமப் பொட்டு இன்னும் இருந்தது. படம் வராவிட்டாலும் கம்ப்யூட்டர் உள்ளே உயிரோடுதான் இருந்தது. மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தியதும் கருப்புத் திரையில் வெள்ளை எழுத்து வந்தது. குணா பெருமூச்சு விட்டான். அவள் கிராஃபிக்ஸ் கார்டின் நலம் விசாரிக்கும் கட்டளையைத் தட்டினாள். பதில் ஒரே வரியில் வந்தது: டிரைவரின் ஒரு பாதி ஒரு பதிப்பு, மறு பாதி வேறு பதிப்பு.

டிரைவர் என்பது கார்டுக்கும் லினக்ஸுக்கும் நடுவே நின்று பேச்சை மாற்றிச் சொல்லும் நிரல். ஏப்ரலில் அதை லினக்ஸின் சொந்தக் கிடங்கிலிருந்து எடுத்துப் போட்டவள் அவளே. இப்போது அதன் மேல் இன்னொன்று உட்கார்ந்திருந்தது. அவள் ஆபீசுக்கு ஸ்பீக்கரில் போன் போட்டாள். கேமரா வேலைகளைப் பார்க்கும் ராம்ப்ரசாத் எடுத்தான்.

"ராம், சித்தூர் மெஷின்ல வேற டிரைவர் யாராவது போட்டீங்களா?"

"ஐயையோ. நான்தான். மே மாசம் கேமரா மாத்தினோமோன்னோ, பழசுல அது கொஞ்சம் மெதுவா ஓடித்து. கார்டு கம்பெனி சைட்லேர்ந்து எடுத்து இங்கேர்ந்தே போட்டேன்."

"ரீஸ்டார்ட் பண்ணலையா?"

"பண்ணச் சொன்னேனே. குணாதான், பூஜை போட்டாச்சு சார், சீசன் முடியற வரைக்கும் நிறுத்தப்படாதுன்னுட்டான். சரி, என்னிக்கு நிறுத்தறாளோ அன்னிக்கு ஏத்துக்கட்டும்னு விட்டுட்டேன். உன்கிட்ட சொல்லணும்னு நெனச்சுண்டே இருந்தேன்."

"ஒரு மாசமாவா?"

"நெனச்சுண்டேதான் இருந்தேன்."

குணா தரையைப் பார்த்தான். அவன் சொன்னதில் பொய்யில்லை. பூஜை போட்டு ஓடவிட்ட எதையும் கடைசி லோடு அரைக்கும் வரை நிறுத்தக்கூடாது என்பது அந்த ஆலையின் வழக்கம். கொதிகலனுக்கு அது நியாயம். ஆறவிட்டால் மறுபடி சூடேற அரைநாள் ஆகும். ஆனால் அதே சட்டம் நாளாவட்டத்தில் பெல்ட், வாசல் விளக்கு, மேனேஜர் அறையின் மின்விசிறி எல்லாவற்றுக்கும் பரவி, கடைசியில் கம்ப்யூட்டருக்கும் வந்து சேர்ந்திருந்தது. நிறுத்தாதவரை நினைவில் இருந்த பழைய டிரைவரோடு அது ஓடிக்கொண்டிருந்தது. நேற்று இடி நிறுத்தியது. எழுந்தபோது இரண்டும் முட்டிக்கொண்டன.

"இன்னாம்மா கோளாறு?" என்றார் பூவராகவன்.

அவள் சொன்னாள். அவருக்குப் பாதி புரிந்தது. பெல்ட் பெண்களுக்குத் தலைமையாக நின்ற கன்னிகா, கையில் பழத்தோடு திரும்பினாள்.

"போன வருஷம் ஒரே பெல்ட்டுக்கு ரெண்டு மேஸ்திரி போட்டீங்களே சார், அந்தக் கததான். ஒருத்தன் இங்க போடுன்னான், இன்னொருத்தன் அங்க போடுன்னான். நாங்க எங்கயும் போடாம நின்னுக்கினு இருந்தோம்."

"நீ பழத்தப் பாரு."

"பாத்துக்கினுதான் பேசறேன்."

கௌசிகா சிரித்துக்கொண்டே வேலையைத் தொடங்கினாள். முதலில் ராம்ப்ரசாத் போட்டதைக் கழற்றினாள். பிறகு தான் போட்டதையும் கழற்றினாள். புதுக் கேமராவுக்கு ஒத்துவரும் பதிப்பை லினக்ஸின் கிடங்கிலிருந்தே இறக்கினாள். ஆலையின் இன்டர்நெட் பாதியில் மூச்சு வாங்கியதால் தன் செல்போனிலிருந்து இணைப்புக் கொடுத்தாள். டிரைவரைக் கட்டளை கொடுத்துக் கையாலேயே ஏற்றியபோது பதினொன்று தாண்டியிருந்தது. குங்குமப் பொட்டுக்குப் பின்னால் படம் வந்தது. கேமரா விழித்தது. முதல் காய் இடது பக்கம் தள்ளப்பட்டு விழுந்தபோது பெண்கள் கையை உதறிக்கொண்டு பின்வாங்கினார்கள்.

"சபாஷ்," என்றார் பூவராகவன். "குணா, மேடத்துக்கு டிபன் சொல்லு."

"சார், சாப்பாட்டு மணி அடிச்சதும் ஒரு தடவ நிறுத்தி எழுப்பிப் பாக்கணும்."

"எதுக்கு? ஓடுது இல்ல?"

"இப்ப கையப் புடிச்சுத் தூக்கி விட்டிருக்கேன் சார். தானா எழுந்துக்குமான்னு தெரியாது. ராத்திரி மறுபடியும் இடி இடிச்சா?"

"பூஜை போட்ட மெஷின நாமளே நிறுத்தறதா? இத்தன வருஷத்துல இங்க யாரும் நிறுத்தினது கிடையாது."

"நேத்து நின்னுச்சே சார்."

"அது இடி. இது நீ."

நிறுத்திப் பார்த்து அது எழாமல் போனால் வெல்டர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தார். நிறுத்திப் பார்க்காமல் போனால் நடுராத்திரியில் குணா தனியாகக் கருப்புத் திரை முன்னால் நிற்பான், காலையில் அவள் வந்து சேர்வதற்குள் பெட்டி ஓரத்தில் கிடக்கும். பேசாமல் டிபனைச் சாப்பிட்டுவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிக்கவும் வழியிருந்தது. அவள் ஸ்டூலை விட்டு எழவில்லை.

மணி அடித்தது. பெல்ட் நின்றது. பெண்கள் டிபன் பாக்ஸ்களை எடுத்தார்கள்.

"எங்களுக்குச் சாப்பாட்டு நேரம் உண்டு, அதுக்குக் கெடையாதா சார்?" என்றாள் கன்னிகா. "நாங்க துன்னுட்டு வர்றதுக்குள்ள எழுப்பட்டும். எழுந்துக்கலன்னா வெல்டரண்ணன் இங்கதான குந்திக்கினு கீறாரு."

எல்லோரும் சிரித்தார்கள். வெல்டரும் சிரித்தார். பூவராகவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு ஒரு எலுமிச்சம்பழம் கொண்டுவரச் சொல்லிப் பெட்டியின் மேல் வைத்தார்.

"நிறுத்து. ஒரே ஒரு தடவ."

கௌசிகா நிறுத்தினாள். மறுபடி போட்டாள். விசிறி சுழன்றது. விளக்குகள் எரிந்தன. திரை கருப்பாகவே நின்றது.

வெல்டர் சாதம் பிசைவதை நிறுத்தினார்.

"ஓடிக்கினு இருந்தது," என்றார் பூவராகவன் மெதுவாக.

"ராத்திரி பண்ண வேண்டியத இப்பவே பண்ணிடுச்சு சார். நான் இருக்கும்போதே."

மீண்டும் வெள்ளை எழுத்துக்குப் போனாள். இம்முறை கம்ப்யூட்டர் எழும்போது பதிந்த குறிப்புகளை மேலிருந்து படித்தாள். பதினைந்தாவது வரியிலோ என்னவோ பழைய பதிப்பின் எண் நின்றது. லினக்ஸ் கண் விழிக்கும்போது முதலில் பிரிக்கிற சின்ன மூட்டை ஒன்று உண்டு. அதற்குள் பழைய டிரைவர் சுருண்டு படுத்திருந்தது. ஹார்ட் டிஸ்கிலிருந்து அதைக் கழற்றியவள் மூட்டையைப் புதிதாகக் கட்ட மறந்திருந்தாள். ராம்ப்ரசாத்தைத் திட்டுவதற்கு வைத்திருந்த சொற்களில் பாதியைத் தனக்கே எடுத்துக்கொண்டு, மூட்டையைக் கட்டும் கட்டளையைத் தட்டினாள்.

"குணா, இப்ப நீ நிறுத்து. நீயே போடு."

குணா எலுமிச்சம்பழத்தை ஒரு முறை பார்த்துவிட்டு பட்டனை அழுத்தினான். விசிறி, விளக்குகள், பிறகு திரையில் படம். கேமரா தானாகவே விழித்து வெறும் பெல்ட்டைப் பார்த்தது.

பூவராகவன் குனிந்து திரையைப் பார்த்தார். நிமிர்ந்தார்.

"இன்னொரு தடவ நிறுத்து," என்றார்.

"ஒரே ஒரு தடவன்னீங்களே சார்," என்றாள் கன்னிகா, வாயில் சோற்றோடு.

"நீ துன்னு."

இன்னொரு முறை நிறுத்தினார்கள். எழுந்தது.

மணி அடித்ததும் பெல்ட் ஓடியது. பழுத்திருந்த பழம் அன்று மாலைக்குள் அரைந்து முடிந்தது. வெல்டர் கேட்டின் கீலைச் சரிசெய்துவிட்டுக் கிளம்பினார். அதன் பிறகு ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் சாப்பாட்டு நேரத்தில் குணா மெஷினை நிறுத்தி எழுப்பினான். ஆகஸ்டில் கடைசி லோடு அரைக்கும் வரை அது பெல்ட்டின் மேலேயே இருந்தது.