மறியலில் இருந்தவர்

சட்ட உதவித் தன்னார்வலர் என்று அச்சிட்ட அடையாள அட்டை வந்த நாளிலிருந்து, டீ குடிக்கப் போனாலும் வசந்த்குமார் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் போனார். கோர்ட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவருக்கு யார் வணக்கம் வைக்கிறார்கள்? அட்டைக்கு வைத்தார்கள். வாரம் ஒருமுறை கிளைச் சிறைக்குப் போய் விசாரணைக் கைதிகளுக்கு வகுப்பெடுப்பார். ரிமாண்ட் என்றால் என்ன, ஜாமீன் எப்படிக் கேட்பது, வக்கீல் வைக்க வழியில்லாதவருக்கு அரசே எப்படி வக்கீல் தரும் என்றெல்லாம் சொல்லிக்கொடுப்பார். வகுப்புக்கு 'எளிய தமிழில் சட்டம்' என்று பெயர் வைத்ததும் அவர்தான். தமிழ் தனக்குத் தெரியும் என்பதில் அவருக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை.

அழகையாவை அந்த வகுப்பில்தான் பார்த்தார். பந்தலூர்ப் பக்கம் எஸ்டேட் லயத்து வரிசை வீடு ஒன்றில் குடியிருப்பவர். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, மீசை முளைக்கும் வயதில் கப்பலேறி வந்தவர். யானை மிதித்து ஒரு பெண் இறந்துபோன ஆத்திரத்தில் சனங்கள் மெயின் ரோட்டில் உட்கார்ந்து மறியல் செய்தார்கள். யாரோ எறிந்த கல்லில் ஒரு ஜீப்பின் கண்ணாடி உடைந்தது. போலீஸ் பிடித்துக்கொண்டு வந்தவர்களில் இவரும் ஒருவர்.

"ஏனுங்க பெரியவரே, ஒளிக்காமச் சொல்லோணும். மறியல்தானுங்களா?"

அழகையா அவரை ஏற இறங்கப் பார்த்தார். இவனுக்குக் கண் தெரியாதோ என்பது மாதிரி ஒரு பார்வை.

"மறியல்தானே தம்பி. பொய் சொல்லி என்னா ஆகப்போவுது?"

"நீங்களாப் போனீங்களா, யாராச்சும் கூட்டிட்டுப் போனாங்களா?"

"தானா எவனாச்சும் மறியலுக்குப் போவானா? கையப் புடிச்சு இழுத்துக்கிட்டுல்ல போனாங்க."

"செரி, கல்லு?"

"கல்லு சோத்துலதான் கெடந்துச்சு."

வசந்த்குமார் விழுந்து விழுந்து சிரித்தார். ரோட்டில் உட்கார்ந்தவர்களுக்குச் சோறு வேறு ஆக்கிப் போட்டிருக்கிறார்களே என்று நினைத்துக்கொண்டார். அழகையா சிரிக்கவில்லை.

வெளியே வந்ததும் இலவச சட்ட உதவி வக்கீல் ஷண்முகப்ரியாவுக்குப் போன் போட்டார். "ஒத்துக்கிட்டாருங்க மேடம். ஊர்க்காரங்க இழுத்துட்டுப் போயிருக்காங்க. கல்லு மட்டும் எறியலைங்களாமா."

"அப்ப சுலபம். மறியல்ல இருந்தது உண்மை, கட்டாயத்துல போனார், வருத்தப்படுறார்னு போட்டு ஜாமீன் கேட்டுடலாம்."

மனு வெள்ளிக்கிழமை மத்தியானம் விசாரணைக்கு வரவிருந்தது. அன்று காலையில் அழகையாவைப் பார்க்க அவர் மனைவி வேலாயி வந்திருந்தாள். இரண்டு கண்ணிலும் புரை. சுவரைத் தடவித் தடவித்தான் கம்பிவலை வரை வந்தாள். ஆறுதலாக நாலு வார்த்தை சொல்லலாமென்று வசந்த்குமார் அட்டையைச் சரிசெய்துகொண்டு கிட்டே போனார்.

"பயப்படாதீங்கம்மா. மறியல்ல கலந்துக்கிட்டதுக்கெல்லாம் பெருசா ஒண்ணும் பண்ண மாட்டாங்க."

"மறியல்ல என்னத்தக் கலக்குறது? என்னா சாமி பேசுறீங்க? என் கண்ணுக்குச் சொட்டு மருந்து வாங்கக் கடைக்குப் போன மனுசன். எங்க வம்சத்துல எவரும் மறியல் வாசலப் பாத்ததில்ல. சிலோன்ல, அட்டன்ல இருக்கயிலயும் பாத்ததில்ல."

"வாசலா? நான் ரோட்டுல நடந்த மறியலைச் சொல்றனுங்க."

"அது ரோட்ட மறிக்கிறது. மறியல் இதுல்ல?" அவள் சிறைக் கதவை உள்ளங்கையால் தட்டிக் காட்டினாள்.

அந்தச் சத்தத்தில் வசந்த்குமாருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மறியல் என்றால் அவர்களுக்கு ஜெயில். கையைப் பிடித்து இழுத்துப் போனது போலீஸ். கல் கிடந்தது ஜெயில் சோற்றில். ஒரு கிழவர் தன் தட்டில் கிடந்த கல்லைச் சொன்னதற்கா அப்படிச் சிரித்தோம்! அட்டையைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கோர்ட்டு மேட்டில் ஓடினார். மூச்சிரைக்க அவர் சொல்லி முடித்ததும் ஷண்முகப்ரியா மனுவின் நகலை எடுத்து முன்னால் வைத்தார்.

"தமிழ் தெரிஞ்ச ஆள்னுதானே உங்களை அனுப்புனேன்."

"நானும் அப்படித்தானுங்க நெனச்சுட்டு இருந்தேன்."

"இந்த மனுவை இப்படியே விட்டா இன்னைக்கே வெளிய வரலாம். ஆனா ரோட்டுல இருந்தேன்னு அவரே சொன்னதா ஆயிடும். கேஸ் நடக்குறப்ப அதுவே அவர் கழுத்தைப் பிடிக்கும். வாபஸ் வாங்கிட்டு வேற போட்டா திங்கக்கிழமைதான் கூப்பிடுவாங்க. முடிவு அவரோடது. போய்க் கேளுங்க. என்ன வார்த்தையில கேக்குறீங்கன்னு பாத்துக் கேளுங்க."

வசந்த்குமார் திரும்பி வந்து, கம்பிவலைக்கு இந்தப் பக்கம் நின்று, ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். தன் தப்பு என்பதையும் சொன்னார். அழகையா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"வேலாயி, திங்கக்கெழம வரைக்கும் தனியா இருந்துக்குவியா? ஆனை லயத்துப் பக்கந்தான் திரியுதாம்."

"பக்கத்து ராஜகுமாரி வீட்டுல படுத்துக்கிறேன்."

"கண்ணுக்கு மருந்து?"

"அதுவும் ஒங்ககூட மறியல்லதான் இருக்கு." பிடித்த அன்றைக்கு அவர் மடியிலிருந்த மருந்துப் புட்டியைச் சிறை ஆபீசில் மற்ற சாமான்களோடு வாங்கி வைத்திருந்தார்கள்.

அழகையா வலையை விரலால் கொஞ்ச நேரம் நெருடிக்கொண்டிருந்தார். "வேலைக்குப் போன காலமெல்லாம் காலையில பெரட்டுக் களத்துல பேரு கூப்புடுவாங்க தம்பி. வராத நாளைக்கு வந்ததா எழுதச் சொல்லி நான் கேட்டதில்ல. இப்ப மட்டும் இல்லாத எடத்துல இருந்தேன்னு எதுக்குச் சொல்லணும்? திங்கக்கெழமையே வாறேன்."

வேலாயி கண்ணைத் துடைத்தாள். புரையினாலும் நீர் வடியும் என்று வசந்த்குமார் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார், அது எடுபடவில்லை.

சனிக்கிழமை ஜெராக்ஸ் கடையைப் பூட்டிவிட்டு மஞ்சூரில் இருக்கும் மச்சினன் வீட்டு விசேஷத்துக்குப் போயிருக்க வேண்டியவர், பந்தலூர் பஸ் ஏறினார். அழகையா வந்துபோனது மலையாளியான மருந்துக்கடைக்காரருக்கு நன்றாக நினைவிருந்தது. "ரோட்டில் பஹளம் நடக்கும்போ இவிடெத்தான் நின்னார். யாரும் வந்து கேட்டில்லல்லோ" என்றார். கேட்கவேண்டிய முதல் ஆள் தான்தான் என்பது வசந்த்குமாருக்கு உறைத்தது. அங்கேயே புதிதாக ஒரு சொட்டு மருந்து வாங்கிக்கொண்டு லயத்துக்குப் போய் வேலாயியின் கையில் கொடுத்தார். எப்படிப் போடுவது என்று விளக்க ஆரம்பித்தவரை, "தெரியும் சாமி" என்று அவள் நிறுத்திவிட்டாள்.

திங்கட்கிழமை ஜாமீன் கிடைத்தது. தாள்கள் கோர்ட்டிலிருந்து சிறைக்கு வந்து சேர்வதற்குள் பொழுது சாய்ந்து பனி இறங்கிவிட்டது. பழைய புட்டியை மடியில் கட்டிக்கொண்டு அழகையா வெளியே வந்தார். வேலாயி அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். பஸ் ஏற்றிவிட வசந்த்குமாரும் கூடவே போனார். அவர் கழுத்தில் அட்டை இல்லை.

"ஏனுங்க பெரியவரே, இந்த இருட்டுல எங்கிருந்து வர்றீங்க?" கண்டக்டர் கை கொடுத்து மேலே தூக்கிவிட்டார்.

"மறியல்லேருந்து வாறோம் தம்பி."

கண்டக்டருக்கு முகம் மாறிவிட்டது. "அய்யோ, மறுபடியுமா? வண்டி போகுமுங்களா?"

கீழே நின்ற வசந்த்குமார் விளக்கம் சொல்ல வாயைத் திறந்தார். இந்த முறை மூடிக்கொண்டார்.

"போகும் தம்பி," என்றார் அழகையா. "விட்டுட்டாங்க."