இது பேரமில்லை

மேற்குத் தாம்பரம் மார்க்கெட்டில் எவர்சில்வர் பாத்திரக் கடை வைத்திருந்த லோகநாதனிடம் பேரம் பேசி ஜெயித்தவர் யாருமில்லை. வாங்க வந்தவர் குடத்தைக் கீழே வைத்துவிட்டு விருட்டென்று நடந்தால் கூப்பிடவே மாட்டார். தூங்குகிறவர் போல உட்கார்ந்திருப்பார். கூப்பிட்டால் விலை இறங்கும் என்பது அவருக்குப் பாலோடு ஊட்டிய பாடம்.

தொண்ணூற்று மூன்றாம் வருஷத்துக் கத்திரி வெயிலில், மகள் ஜெயக்கொடி விஷயத்திலும் அதே பாடத்தைத்தான் எடுத்துவிட்டார். பிளஸ் டூ முடித்திருந்தவள் தன்னைத்தானே காயப்படுத்திக் கொள்கிறாள் என்பதை, அவள் கைத் தழும்புகளைத் தற்செயலாகப் பார்த்த மனைவி நாகலக்ஷ்மிதான் அழுதுகொண்டே சொன்னாள்.

"கோயமுத்தூர் ஹாஸ்டலுக்கு அனுப்ப மாட்டேன்னேன்ல, அதுக்கு இந்த டிராமா. கண்டுக்காத, நாகு. தானா வழிக்கு வரும்" என்றார்.

இந்தச் சாமர்த்தியத்தைப் பக்கத்து ஜவுளிக்கடை அமீருதீனிடம் டீ குடித்தபடி பெருமையாகவும் சொன்னார். அமீருதீன் கிளாஸைக் கீழே வைத்தார்.

"காயத்த உன்கிட்ட காட்டிச்சா?"

"எங்க பாய்! இந்த வெயில்ல முழுக்கை ஜாக்கெட் போட்டு மூடிக்கினு கீது."

"யோவ் லோகு, இன்னா வியாபாரி நீ? பேரத்துக்கு வந்தவ சரக்க ஒளிச்சு வைப்பாளா? எழுந்து வூட்டுக்குப் போய்யா!"

லோகநாதன் நல்ல வியாபார நேரத்தில் ஷட்டரை இழுத்துவிட்டு ஓடினார்.

வாசலிலேயே நாகலக்ஷ்மி மறித்தாள். "சாவப் பத்தி மட்டும் கேட்டுடாதீங்க. இல்லாத நெனப்ப நாமளே கெளப்பினாப்ல ஆயிடும்."

அவர் கேட்டேவிட்டார். "கொடி, திட்ட வரலம்மா. செத்துடலாம்னு தோணுதா?"

ஜெயக்கொடி தரையையே பார்த்தாள். "மொதல்ல அப்படி இல்லப்பா. மனசு தாங்கல, அவ்ளோதான். ஹாஸ்டல்லாம் ஒண்ணுமில்ல. இப்ப கொஞ்ச நாளா... அதுவும் தோணுது."

சொல்லி முடித்ததும் அவர் தோளில் சாய்ந்து அழுதாள். கேட்டதால் புது நினைப்பு எதுவும் கிளம்பவில்லை. ஒண்டியாய்ச் சுமந்த பாரம்தான் இறங்கியது.

அன்று அவளைத் தனியே விடவில்லை. மறுநாள் காலை மின்சார ரயிலேறி மூவரும் மனநல மருத்துவரிடம் போனார்கள். விடாமல் வாராவாரம் போனார்கள். ஆவணி பிறந்தபோது, கல்லாவில் உட்கார்ந்து அப்பாவின் விலைகளையே கிண்டலடிக்கும் அளவுக்கு ஜெயக்கொடி தேறியிருந்தாள்.

அமீருதீன் மார்தட்டினார். "பாத்தியா, நான் சொன்னதுதான் கரெக்டு. ஒளிச்சா நெசம், காட்டினா நடிப்பு."

"அதுவும் தப்பு பாய். காட்டினாலும் நெசந்தான்னு டாக்டரம்மா அடிச்சுச் சொல்லிட்டாங்க. காயப்படுத்திக்கிற புள்ளைங்க எல்லாருமே சாகணும்னு செய்யறதில்லயாம். ஆனா அவங்களுக்குத்தான் பின்னால அந்த ஆபத்து ஜாஸ்தியாம். நடிப்பா நெசமான்னு எட போட்டுக்கினு நிக்கக் கூடாது. பக்கத்துல உக்காந்து நேராக் கேக்கணும், கையோட டாக்டராண்ட கூட்டினு போணும். போனா தேறிடும் பாய். நம்பலன்னா என் பொண்ணையே கேளு!"